தொப்பிக் கணவாய் வழியே ஒரு கதவு

காற்று என்பது குடித்துவிட்டு வரும் மைத்துனன் மாதிரி என்று நோல்ஃபா சிகுவாய் சொல்வாள். வாசலில் நின்று கத்துவான், நாற்காலியை உருட்டுவான், எதிர்த்துப் பேசினால் நாள் முழுக்க வம்புதான். தலையைக் குனிந்துகொண்டு நம் வேலையை நாம் பார்த்தால் தானே ஓய்ந்து ஒரு மூலையில் படுத்துவிடுவான். பூமியின் தென்கோடியில் இருக்கும் ரியோ பெர்திதோ ஊரில் எல்லோருமே காற்றைத் திட்டுவார்கள். உறவுமுறை சொல்லித் திட்டுகிறவள் நோல்ஃபா ஒருத்திதான்.

அவளுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. குட்டையான உடம்பு, அகலமான தோள், வெயிலும் குளிரும் சேர்ந்து பதப்படுத்திய முகம். மலையில் நடக்க வருகிறவர்களின் கூடாரம், அரிசி, மாவு, அடுப்பு எல்லாவற்றையும் குதிரைமேல் ஏற்றி, தொப்பிக் கணவாயைத் தாண்டி, அந்தப்பக்கம் பனியாற்று ஏரிக்கரையில் இருக்கும் குடிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் தொழில். அந்தக் கணவாயில் தொப்பியைப் பறிகொடுக்காதவர் கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர்.

சுமைக்குதிரை ஓட்டுவது அந்தப் பள்ளத்தாக்கில் ஆண்களின் வேலையாகத்தான் இருந்தது. நோல்ஃபாவும் விரும்பி அதில் இறங்கவில்லை. அவள் புருஷன் எடிக்தோதான் குதிரைக்காரன். அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். எடிக்தோ ஒரு வசந்தகாலத்தில் எல்லை தாண்டி எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனான். கோடை முடிவதற்குள் வந்துவிடுவேன் என்றான். கோடை முடிந்தது, அடுத்த கோடையும் முடிந்தது. அங்கே அவனுக்கு வேறு பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் ஆகிவிட்டதென்று ஒரு லாரி டிரைவர் மூலம் சேதி வந்தது. நோல்ஃபா குளிர்காலம் முழுக்க அழுதாள். பனி உருகியபோது கொட்டகையில் நின்ற குதிரைகளுக்கு லாடம் அடிக்க வேண்டியிருந்தது. அழுதுகொண்டே லாடம் அடிக்க முடியாது என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்தினாள்.

முதல் தடவை அவள் கணவாய் ஏறியபோது மற்ற குதிரைக்காரர்கள் சீட்டாட்ட மேசையிலிருந்து எழுந்துவந்து வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மலைக்கு சூப் வைத்துக் கொடுக்கப் போகிறாயா என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு அவள் தொப்பியையும் பாதி மாவையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, உதடு வெடித்து, வெள்ளை வெளேரென்று மாவு பூசின மேனியாகத் திரும்பி வந்தாள். பேக்கரி அடுப்பிலிருந்து தப்பி வந்தவள் மாதிரி இருந்தாளாம். மறுநாள் மாவுமூட்டையை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். அதற்கப்புறம் யாரும் வேலியோரம் வந்து நிற்கவில்லை.

புருஷன் போனாலும் புருஷன் வீட்டு உறவு ஒன்று அவளிடமே தங்கிவிட்டது. எடிக்தோவின் தங்கை கிளோரிண்டா. அண்ணன் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்தவள், ஒரு வாரம் இருந்து பார்த்தாள். அண்ணனைவிட அண்ணியே தேவலை என்று முடிவுசெய்து பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். ஊருக்கு ரொட்டி சுடுகிறவள். கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ரொட்டியோடு சேர்த்து அதையும் சுடச்சுட வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவாள். மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், ஆனால் ஒரு தடவைகூட அதன்மேல் ஏறினதில்லை. ரொட்டிதான் மேலே போகணும், ரொட்டிக்காரி போகணும்னு சட்டமில்லை என்பாள்.

கணவாய்க்கு அந்தப்பக்கம், குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ரோசமெல். சிலோயே தீவுக்காரன். மீன்பிடிப் படகில் சமையல்காரனாக இருந்து, கடல் போதும் என்று கரையேறி, கடைசியில் பனியாறு வந்து விழுகிற ஏரிக்கரையில் அடுப்பு மூட்டியவன். கோடை முழுக்க அங்கே தனியாக இருந்து, நடந்து வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவான். அந்தப் பக்கத்தில் டிசம்பர், ஜனவரிதான் கோடை; ஏப்ரலில், குளிர் தொடங்குமுன், குடிலைப் பூட்டிக்கொண்டு தீவுக்குப் போய்விடுவான். ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. குரலை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அதற்குக் காரணம் ரேடியோ. போன் எட்டாத பள்ளத்தாக்கு அது. தினமும் சாயங்காலம் பண்ணைகள், படகுத்துறை, குடில், ஊர்க் கடை எல்லோரும் ஒரே அலைவரிசையில் வந்து வானிலையும் சேதியும் சொல்லிக்கொள்வார்கள். ஒருத்தர் பேசினால் எல்லார் வீட்டு அடுக்களையிலும் கேட்கும். ரோசமெல்லின் அறிக்கை எப்போதும் சுருக்கமாக இருக்கும். மேற்குக் காற்று, பலம். ஏரி கொந்தளிப்பு. வந்தவர்கள் சௌக்கியம். ஓவர். இரண்டு வருஷமாக அதன் வாலில், பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'டோன்யா'வோடு, இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது: "டோன்யா நோல்ஃபா நாளைக்குக் கணவாய் ஏறாம இருந்தா நல்லது. ஓவர்." அதற்கு நோல்ஃபா, "குடில்ல வெங்காயம் தீர்ந்துடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஓவர்," என்பாள். "வெங்காயம் இல்லாம ஒரு நாள் சமாளிக்கலாம். ஓவர்," என்பான் அவன்.

சமையல்காரன் ஒருவன் வெங்காயம் வேண்டாம் என்று சொல்வதன் அர்த்தம் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த நேரத்துக்கு மாட்டைக் கறக்கிறவர்கள்கூட ரேடியோவைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நேரில் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாயில் பூட்டு விழுந்துவிடும். அவள் சுமையோடு குடிலுக்குப் போய் இறங்கினால் அவன் மாத்தே இலைக்கு வெந்நீர் ஊற்றிக் குழலோடு கையில் கொடுப்பான். பாதை நன்றாக இருந்ததா என்று கேட்பான். இருந்தது என்பாள். அவ்வளவுதான். அவன் விறகு பிளக்கப் போய்விடுவான். குளிருக்குத் தேவையே இல்லாத அளவு விறகு அந்தக் குடிலின் பின்னால் மலைமாதிரிக் குவிந்து கிடந்தது.

நோல்ஃபாவுக்கு இது புரியாமலில்லை. ஆனால் இனி ஒரு ஆண்பிள்ளையின் செருப்பு தன் வாசலில் கிடக்காது என்று ஊரறியச் சொன்னவள் அவள். சொன்ன வார்த்தை வேலிக்கம்பி மாதிரி அவளையே சுற்றிக் கிடந்தது.

அந்த வருஷம் ஜனவரியில் ஒரு காற்று கிளம்பியது. மலைமேல் தட்டு அடுக்கின மாதிரி மேகம் நின்றது. ஏரித் தண்ணீரைக் காற்று அள்ளிக்கொண்டு போய்க் கரையில் விசிறியது. படகுகளைக் கரையேற்றிக் கட்டிப்போட்டார்கள். சாயங்காலம் ரேடியோவில் ரோசமெல் வந்தான்.

"கதவு போயிடுச்சு. ஓவர்."

தச்சர் அர்தெமியோ, "எங்க போச்சு? ஓவர்," என்று கேட்டார்.

"ஏரிக்கு. ஓவர்."

குடிலின் கதவைக் காற்று கீலோடு பிடுங்கி எறிந்துவிட்டது. வாசலில் தார்ப்பாயைக் கட்டி வைத்திருக்கிறான், உள்ளே நடக்க வந்த ஜனங்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு அடுப்பைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்திருக்கிறார்கள், தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. படகு போகாது. கணவாய் வழியாகத்தான் கதவு போயாக வேண்டும்.

பலகையாகக் கொண்டுபோய் அங்கே வைத்துக் கதவு அடித்துக்கொள்ளலாமே என்று நோல்ஃபா கேட்டாள். நானே அடிச்சுக்கிறேன் என்று ரோசமெல்லும் சொன்னான். பள்ளத்தாக்கு முழுக்கச் சிரித்தது. அவன் அடித்த மேசை ஒன்று அங்கே இருக்கிறது, நாலு காலும் நாலு உயரம். சூப் கிண்ணத்தை வைத்தால் கையால் பிடித்துக்கொண்டேதான் குடிக்க வேண்டும். "ரோசமெல் கிட்ட சுத்தியலைக் குடுக்கிறதும் குதிரைகிட்ட கிடாரைக் குடுக்கிறதும் ஒண்ணுதான். நான் முழுக் கதவாவே செஞ்சு தரேன். ஓவர்," என்று அர்தெமியோ முடித்துவிட்டார். அவருக்கு முழங்கால் வாதம், மலையேற முடியாது. கனமில்லாத சைப்ரஸ் பலகையில், ஆணி வெளியே தெரியாமல், அழகான கதவாகச் செய்தார்.

கதவைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். மற்ற குதிரைக்காரர்கள் எல்லோரும் வடக்குப் பள்ளத்தாக்கில் மாட்டுக்குச் சூடு போடப் போயிருந்தார்கள். கிளோரிண்டா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணி, நான் வரேன்."

நோல்ஃபா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? தெருமுனைக் கடைக்குப் போய்ட்டு வந்தாலே ரெண்டு தரம் உக்காருவியே."

"மூணு தரம் உக்காருறேன். ரெண்டு வருஷமா காதாலேயே கேட்டுக்கிட்டு இருக்கேன், முடிவு என்னன்னு கண்ணால பார்க்க வேண்டாமா?"

"என்ன முடிவு? கதவு மாட்டப் போறோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள் கிளோரிண்டா.

காற்று சற்றுத் தணிந்த ஒரு விடியற்காலையில் கிளம்பினார்கள். கனேலா என்கிற பழுப்புக் குதிரையின் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் எடைக்கு மாவும் வெங்காயமும் ஆட்டுத்தொடையும். காட்டுக்குள் இருந்தவரை எல்லாம் சுகமாகவே போயிற்று. லெங்கா மரங்கள் காற்றைத் தலையில் வாங்கிக்கொண்டு கீழே நடக்கிறவர்களுக்கு நிழலை மட்டும் விட்டன. தரையெல்லாம் மெத்தென்று பாசி. மரங்கொத்தி ஒன்று அவர்கள் கூடவே மரத்துக்கு மரம் தாவி வந்தது. கிளோரிண்டா ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம் மூச்சு வாங்க மட்டும்தான் வாய் போதவில்லை, பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது. ரோசமெல்லுக்குப் பல் எல்லாம் சொந்தப் பல்தானா, குறட்டை விடுவானா, தீவில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரியாது என்று நோல்ஃபா சொல்லிக்கொண்டே வந்தாள்.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, இடுப்பளவாகி, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து, கடைசியில் தரையோடு தவழ ஆரம்பித்தன. அதற்கப்புறம் வெறும் கல். ஒருகாலத்தில் பனியாறு தேய்த்துக்கொண்டு போன பாறைகள், கத்தி தீட்டின மாதிரிக் கீறல் கீறலாக மினுங்கின. மரநிழலை விட்டுக் கனேலா வெளியே கால் வைத்த கணத்தில் காற்று கதவில் வந்து அறைந்தது. குதிரை ஒரு முழுவட்டம் சுற்றி ஊரைப் பார்த்து நின்றது. திருப்பி நிறுத்தினார்கள், மறுபடி சுற்றியது. மூன்றாம் தடவை நோல்ஃபாவின் முகத்தைப் பார்த்துக் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டது. வேலையை விட்டுவிட்டேன் என்பதற்குக் குதிரை பாஷையில் அதுதான் அர்த்தம்.

கதவை அவிழ்த்து இறக்கினார்கள். ஒரு பாறையில் அதைச் சாய்த்து, அதன் மறைவில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார்கள். கதவுக்கு அந்தப்பக்கம் கல் பறந்துகொண்டிருந்தது. இந்தப்பக்கம் வெந்நீர்க் குடுவையின் ஆவி நேராக மேலே போயிற்று. வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வீட்டில் இருந்ததில்லை என்றாள் கிளோரிண்டா.

அங்கிருந்து இருவருமாகத் தூக்கினார்கள். நிமிர்த்திப் பிடித்தால் பாய்மரம், ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் படுக்கைவாக்கில், நோயாளியைத் தூக்குகிற மாதிரி. முன்னால் நோல்ஃபா, பின்னால் கிளோரிண்டா. மாவுமூட்டை சுமந்து கனேலா, இப்போது பரம சாதுவாக, அவர்களுக்கும் பின்னால். பெரிய காற்று வருமுன் தூரத்தில் சுமைலாரி மேடேறுகிற மாதிரிச் சத்தம் கேட்கும். கேட்டதும் நோல்ஃபா "படு" என்பாள். இருவரும் கதவைத் தரையில் போட்டு அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வார்கள். லாரி தலைக்கு மேல் போகும். எழுந்து நடப்பார்கள். கிளோரிண்டா முதலில் கொஞ்சம் பிரார்த்தனை சொன்னாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். திட்டுவதில் மூச்சு சீராக வருகிறது என்று கண்டுபிடித்து அதையே தொடர்ந்தாள். வலதுபக்கத்துச் சிகரத்திலிருந்து தொங்கும் பனி எங்கேயோ உடைந்து இடிமாதிரி விழுந்தது. அவள் தன் திட்டுக்குத்தான் பதில் வந்ததென்று நினைத்து ஒருகணம் நிறுத்தினாள்.

கணவாயின் உச்சியில் நிற்க முடியவில்லை, தவழ்ந்தார்கள். அந்தப்பக்கம் தெற்குச் சரிவு, அந்த நாட்டில் வெயில் படாத பக்கம். கோடையிலும் கரையாத பனி நீள நாக்காகக் கீழே இறங்குகிறது. அதன் அடியில் கல்மேடு. கல்மேட்டுக்கு இடப்புறம், பாதை விலகிப்போகிற இடத்தில், பனியாறு. நீலம் நீலமாகப் பிளந்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். குதிரை போகிற பாதை பனியைத் தொடாமல் ஓரமாக வளைந்து வளைந்து இறங்கும். கதவைப் பனி விளிம்பில் வைத்துவிட்டு, கனேலாவைக் கடிவாளம் பிடித்துக் கூட்டி வருகிறேன், அதுவரை இதை அமுக்கிக்கொண்டு இரு என்று நோல்ஃபா சொன்னாள்.

கிளோரிண்டா அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். கையால் அமுக்கினால் கதவு எழும்புகிறது என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள். லாரிச் சத்தம் கேட்டது. நோல்ஃபா திரும்புவதற்குள் காற்று வந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளியது. கதவு, கிளோரிண்டாவோடு, விளிம்பைத் தாண்டிப் பனிமேல் வழுக்க ஆரம்பித்தது.

முதலில் மெதுவாகத்தான் போயிற்று. "அண்ணி," என்று ஒருதரம் சாதாரணமாகக் கூப்பிட்டாள், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரி. அப்புறம் வேகம் பிடித்தது. பாவாடை விரிந்து, இரண்டு கையாலும் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பனியைத் தூளாக விசிறிக்கொண்டு அவள் சின்னப் புள்ளியாகிப் போய்க்கொண்டே இருந்தாள்.

நோல்ஃபா அந்தச் சரிவில் எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறாள். யாருடைய காலும் பிசகினதில்லை. இப்போது அவள் கால்தான் அசையவில்லை. கதவு நேராகப் போனால் கல்மேடு, கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினால் நீலப் பிளவு. எடிக்தோ இனி வரமாட்டான் என்று தெரிந்த குளிர்காலத்தில் தினமும் காலையில் பேசாமல் வந்து அடுப்பில் சூடான ரொட்டியை வைத்துவிட்டுப் போனவள் இந்தக் கிளோரிண்டா என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கால் வந்தது. குதிரையை விட்டுவிட்டுக் குதிகாலைப் பனியில் குத்திக் குத்தி ஓடினாள், விழுந்தாள், உருண்டாள், எழுந்து மறுபடி ஓடினாள்.

கதவு இடப்பக்கம் திரும்பவில்லை. நாக்கின் நுனியில் பனி இளகிச் சேறாகிக் கிடந்த இடத்தில் வேகம் குறைந்து, அரைவட்டம் சுற்றி, ஒரு மனிதனின் பூட்ஸுக்கு முன்னால் வந்து பவ்யமாக நின்றது. காலையிலேயே கயிற்றோடு கிளம்பி எதிர்கொண்டு ஏறிவந்திருந்த ரோசமெல்தான் அது. அவன் தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க, டோன்யா கிளோரிண்டா," என்றான். குரலை வைத்தே அவளும் அவனைக் கண்டுகொண்டாள். "கதவைத் தட்டிட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன். கதவோடேயே வர்றவங்க நீங்கதான்."

கிளோரிண்டா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தாள். கையைக் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நோல்ஃபா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நோல்ஃபா தன் தொப்பியால் அவள் தோளில் படபடவென்று நாலு போட்டாள். பிறகு பனியிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையும் சிரிப்பும் ஓய்ந்தபின்தான் ரோசமெல் நிற்பதைக் கவனித்தாள்.

"பாதை நல்லா இருந்ததா?" என்று கேட்டான் அவன்.

"இருந்தது," என்றாள் நோல்ஃபா.

கிளோரிண்டா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கனேலா தானாகவே பாதையில் இறங்கி வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டது.

மூவருமாகக் கதவைத் தூக்கிக்கொண்டு குடிலுக்குப் போனார்கள். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த வாசலில் நடைக்காரர்கள் கம்பளிப் போர்வையோடு வந்து நின்று, பெண் வீட்டு ஊர்வலம் வந்த மாதிரிக் கைதட்டி வரவேற்றார்கள். அவர்கள் பேசிய பாஷை கிளோரிண்டாவுக்குத் தெரியாது. அதற்காக அவள் தன் பனிச்சறுக்குக் கதையைச் சொல்லாமல் விடவில்லை. கையாலும் காலாலும் சொன்னாள். கதவின் அடிப்பக்கம் ஒரு விரல்கடை நீளம் கூடுதலாக இருந்ததை நோல்ஃபா இழைத்துச் சரிசெய்தாள். சுத்தியல் பக்கமே வரக்கூடாதென்று ரோசமெல்லுக்கு உத்தரவு. அவன் ஆட்டுத்தொடையை அடுப்பில் வைத்தான்.

கதவை மாட்டிச் சாத்தினார்கள். சாத்தியதும் குடிலுக்குள் திடீரென்று அமைதி வந்துவிட்டது. காற்று வெளியே ஆகிவிட்டது. அதுவரை எல்லோரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது. கறி பொரிகிற சத்தம் கேட்டது. நோல்ஃபா கதவில் கைவைத்து நின்றாள், ரோசமெல் அகப்பையோடு நின்றான். அவன் அகப்பையை வைத்துவிட்டு, விறகு எடுத்து வருகிறேன் என்று வெளியே போனான்.

கிளோரிண்டா பின்னாலேயே போனாள். விறகுக் குவியலுக்கு மறைவில் அவனை நிறுத்தி என்ன சொன்னாள் என்பது முழுசாகத் தெரியாது. உயிரைப் பணயம் வைத்து மலை தாண்டி வந்தது இந்த 'இருந்தது'வைக் கேட்கவா என்று கேட்டாளாம். நேரில் வாய் வரவில்லையென்றால் எதில் வருமோ அதில் சொல் என்றும் சொன்னாளாம். திரும்பி வந்து அடுப்பருகே உட்கார்ந்து மாத்தே குழலை உறிஞ்ச ஆரம்பித்தாள்.

ரேடியோ நேரம் வந்தது. சுவரில் இருந்த பெட்டி கரகரத்தது. பண்ணைகள் வந்தன, படகுத்துறை வந்தது. பிறகு ரோசமெல்லின் குரல். விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து கைரேடியோவில் பேசிக்கொண்டிருந்தான்.

"மேற்குக் காத்து, குறையுது. ஏரி பரவாயில்ல. கதவு வந்து சேர்ந்துச்சு, மாட்டியாச்சு. வந்தவங்க சௌக்கியம்." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அவன் பித்தானை விடவில்லை. "டோன்யா நோல்ஃபாவுக்கு ஒரு சேதி. ஏப்ரல்ல குடிலைப் பூட்டிட்டுத் தீவுக்குப் போவேன். இந்த வருஷம் போக மனசில்ல. உங்க வீட்ல இடம் இருந்தா வரேன். குளிர்காலத்துக்கு மட்டும்னு சொல்ல வரல. ஆள் ஒருத்தன், பெட்டி ஒண்ணு. நல்லா சமைப்பேன். ஆணி அடிக்க மாட்டேன். ஓவர்."

அந்த அலைவரிசை அவ்வளவு நேரம் சும்மா இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. குடிலில் இருந்த நடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நோல்ஃபாவையே பார்த்தார்கள். நோல்ஃபா எழுந்து சுவரருகே போய்ப் பித்தானை அழுத்தினாள்.

"என் குதிரைங்க என்கூடத்தான் இருக்கும். கோடைக்கு நான் மலையிலதான் இருப்பேன், யாருக்காகவும் அதை விடமாட்டேன். முன்ன இருந்த ஆளு வந்துடுறேன்னு சொல்லிட்டு வராமப் போனான். நீங்க போறதா இருந்தா போறேன்னு சொல்லிட்டுப் போங்க, வர்றதா இருந்தா வாங்க. இதெல்லாம் சரின்னா ஏப்ரல்ல நானே குதிரையோட வந்து கூட்டிட்டுப் போறேன். ஓவர்."

"சரி. ஓவர்," என்றான் ரோசமெல்.

மறுபடி ஒரு நிமிஷம் இரைச்சல். பிறகு அர்தெமியோவின் குரல் கேட்டது. "கதவு பிடிக்குதா, சரியா மூடுதா? ஓவர்." அதற்கப்புறம் அந்த அலைவரிசையில் யார் பேசினார்கள், யார் சிரித்தார்கள், யார் அக்கார்டியனை ரேடியோ முன்னால் வைத்து வாசித்தார்கள் என்று ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. ரோசமெல் விறகோடு உள்ளே வந்தான். காது வரை சிவந்திருந்தது. நோல்ஃபா அவன் கையிலிருந்த விறகை வாங்கி அடுப்போரம் வைத்தாள். போதும், இனி விறகு பிளக்க வேண்டாம் என்றாள். ஆட்டுத்தொடை கொஞ்சம் தீய்ந்துபோயிருந்தது. எல்லோரும் நன்றாக இருக்கிறதென்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரலில், லெங்கா காடு சிவந்து தீப்பிடித்த மாதிரி நின்றபோது, நோல்ஃபா அவனைக் குதிரையில் கூட்டி வந்தாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். இவ்வளவு ஒல்லியான ஆளுக்கு அந்தக் குரலா என்று நம்பவில்லை. கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டு, வானிலை சொல்லுங்க என்றாள். மேற்குக் காத்து, மிதமா இருக்கு என்று அவன் சொன்னதும்தான் கைகொடுத்தாள். எடிக்தோவுக்கும் சேதி போயிருக்க வேண்டும். கனேலாவைத் திருப்பி விலைக்குக் கொடுப்பாயா என்று லாரிக்காரனிடம் கேட்டு அனுப்பினான். அந்தக் கேள்விக்குப் பதிலைக் கிளோரிண்டாவே சொல்லி அனுப்பினாள். லாரிக்காரன் அதைப் பாதிதான் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

அவர்கள் சண்டையே போடவில்லை என்று சொல்ல முடியாது. பூண்டு எவ்வளவு போடுவது என்பதில் ஒரு குளிர்காலம் முழுக்க வாக்குவாதம் நடந்தது. கோடையில் அவன் குடிலுக்குப் போவான், அவள் குதிரைகளோடு மலையேறி இறங்குவாள். போகும்போது போய்ட்டு வரேன் என்று அவன் சொல்வான். அவளும் சொல்வாள். கிளோரிண்டா அதற்கப்புறம் மலை ஏறவில்லை. அவள் சொல்கிற கதையில் அந்தப் பனிச்சரிவு மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது.

சென்ற பிப்ரவரியில் ஒரு காலை, நோல்ஃபா தனியாகக் கணவாய் ஏறினாள். உச்சியில் காற்றே இல்லை. அவ்வளவு வருஷத்தில் அப்படி ஒருநாளை அவள் பார்த்ததில்லை. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, குதிரை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. கைரேடியோவை எடுத்து ரோசமெல்லைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் நம்பவில்லை. குடிலில் இருந்தவர்களுக்கு ரொட்டியும் சூப்பும் வைத்துவிட்டு, நேரிலேயே பார்க்கிறேன் என்று ஏறி வந்தான். இருவரும் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கீழே நீலமாகக் கிடந்த பனியாற்றைப் பார்த்தார்கள். வெயில் இதமாக இருந்தது. அவன் சட்டைப்பையிலிருந்து கலாஃபாத்தே பழங்களை எடுத்துக் கொடுத்தான். தின்றதில் இருவர் பல்லும் ஊதாவாகிவிட்டது.

இங்கேயே அடுப்பு மூட்டி மாத்தே போடலாமா என்று அவள் கேட்டாள். குடுவையை நீ கொண்டுவருவாய் என்று நினைத்தேன் என்றான் அவன். நீ கொண்டுவருவாய் என்று நான் நினைத்தேன் என்றாள் அவள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் நிதானமாக, குரலை உயர்த்தாமல், சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.